துலக்காத பல்லும் நிற்காத குருதியும்: பரம்பரைக் குருதி நோய்களின் வரலாற்றில் குழந்தையின் வாய்

1. ஒரு நூல், இரு பக்கங்கள்

கி.பி. 1000ஐ ஒட்டிய ஆண்டுகளில், முஸ்லிம் ஆட்சியின் கீழிருந்த ஸ்பெயினில், கொர்டோபா நகரை அடுத்து வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவி 30 பகுதிகள் கொண்ட ‘கிதாப் அல்-தஸ்ரீஃப்’ என்னும் மருத்துவக் களஞ்சியத்தை எழுதி முடித்தார். அந்நூலில் ஒரு சிற்றூரைப் பற்றிய குறிப்பு உள்ளது. அவ்வூர் ஆண்களுக்குக் காயம் பட்டால் குருதி நிற்பதில்லை; பலர் அதனாலேயே இறந்துபோயினர். சிறுவன் ஒருவன் ஈறுகளைத் தேய்த்தபோது கசியத் தொடங்கிய குருதி, அவன் உயிர் போகும்வரை நிற்கவில்லை என்றும் அவரிடம் கூறப்பட்டது. இன்று ஹீமோஃபீலியா என்று அழைக்கப்படும் பரம்பரை நோயைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் ஒன்றாக இதனை வரலாற்றாசிரியர்கள் கொள்கின்றனர்.

அதே நூலின் அறுவை மருத்துவப் பகுதியில் வேறொரு செய்தி உண்டு. பற்களின் மேல் படிந்து இறுகும் காரை ஈறுகளைக் கெடுக்கும்; அதைச் சுரண்டி அகற்ற வேண்டும் என்று கூறும் அல்-ஸஹ்ராவி, அதற்கான கருவிகளைப் பல வடிவங்களில் வரைந்தும் காட்டுகிறார்.

ஈறு கசிந்து மாண்ட சிறுவன் ஒரு பக்கம். ஈறுகளைக் காக்கும் துப்புரவு மற்றொரு பக்கம். இரண்டையும் எழுதிய கை ஒன்றே. ஆயினும் இவ்விரு பக்கங்களையும் சேர்த்து வாசிக்க மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் பல்லிலிருந்து வழியும் குருதியை நிறுத்துவது எப்படி என்னும் கேள்விக்குப் பாம்பின் நஞ்சு முதல் மரபணு மருத்துவம் வரை வியக்கத்தக்க விடைகள் கிடைத்தன. அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டிய நிலையே வராமல் காப்பது எப்படி என்னும் எளிய கேள்வியோ, எல்லாவற்றுக்கும் கடைசியாகவே கேட்கப்பட்டது. இந்தியாவில் இன்றும் அது முழுமையாகக் கேட்கப்படவில்லை.

2. பல்லைத் தொட அஞ்சிய மருத்துவம்

1803ஆம் ஆண்டில் பிலடெல்ஃபியா மருத்துவர் ஜான் கான்ராட் ஓட்டோ, சில குடும்பங்களில் மட்டும் காணப்படும் குருதிப்போக்கு இயல்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆண்கள் துன்புறுகின்றனர், பெண்கள் நோயின்றி இருந்தும் தம் மகன்களுக்கு அதைக் கடத்துகின்றனர் என்னும் பரம்பரை முறைமையை அக்கட்டுரை தெளிவாக எடுத்துரைத்தது. 1828இல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஃபிரீட்ரிக் ஹாப்ஃப் எழுதிய ஆய்வேட்டில் ‘ஹீமோஃபீலியா’ என்னும் சொல் இடம்பெற்றது. 1840இல் இலண்டனில் சாமுவேல் லேன், மாறுகண் அறுவைக்குப் பின் குருதி நிற்காத 11 வயதுச் சிறுவனுக்கு மற்றொருவரின் குருதியைச் செலுத்திக் காப்பாற்றினார். அது அரிதாக வாய்த்த வெற்றி. குருதி வகைகள் அறியப்படாத அக்காலத்தில் அம்முறையை யாரும் வழக்கமாக்கிக்கொள்ள இயலவில்லை.

பெயரும் பரம்பரை முறைமையும் தெரிந்தன, சிகிச்சை தெரியவில்லை. இந்த இடைவெளியில் பல் பிடுங்குதல் ஹீமோஃபீலியாச் சிறுவர்களின் வாழ்வில் பெரும் அச்சமாக நின்றது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, தவிர்க்க இயலாமை. கத்தியிலிருந்தும் கல்லிலிருந்தும் ஒரு சிறுவனை விலக்கி வைக்கலாம். அவனுடைய வாயிலிருந்து விலக்கி வைக்க முடியாது. 20 பால்பற்கள் முளைத்து, ஆடி, விழுந்து, அவற்றின் இடத்தில் நிலையான பற்கள் வரும் பருவம் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. நடை பழகும் குழந்தை தடுக்கி விழும்போது மேலுதட்டின் உட்புறத் தசைமடிப்பு கிழிவதும் சாதாரணம். பல குடும்பங்களில் அந்தச் சிறு கிழிசலின் நாட்கணக்கான கசிவே நோயை முதன்முதலில் காட்டிக்கொடுத்தது.

இரண்டாவது, காயத்தின் அமைப்பு. பல் பிடுங்கிய குழி எலும்பாலானது. கையில் பட்ட காயத்தைப் போல அதன் இரு ஓரங்களையும் இழுத்து முழுமையாக மூடிவிட முடியாது.

மூன்றாவது, வாயின் இயல்பு. உமிழ்நீரிலும் வாயின் உட்சவ்விலும் உறைந்த குருதியைக் கரைக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. உடல்நலம் உடையவருக்கு இது தீங்கன்று. ஏற்கெனவே வலுவற்ற உறைவை உடையவனுக்கோ, இரவில் கட்டிய கரை விடியலில் கரைந்துபோவதைப் போன்றது அது.

ஆகவே பற்குழியில் பஞ்சைத் திணித்து அழுத்தினர், டானிக் அமிலமும் இரும்பு உப்புகளும் தடவினர், சூட்டுக்கோலால் சுட்டனர். பிற்காலத்தில் பற்குழியை மூடி அழுத்தும் கவசங்களை வாயின் அச்சில் வார்த்துப் பொருத்தினர். பல்லின் கழுத்தில் ரப்பர் வளையத்தை மாட்டி, அது மெல்ல வேரை நோக்கி நகர்ந்து வாரக்கணக்கில் பல்லைத் தளர்த்தி விழச்செய்யும் முறையும் கையாளப்பட்டது. பெரும்பாலான மருத்துவர்கள் தந்த அறிவுரை இவை எல்லாவற்றையும் விடச் சுருக்கமானது: பல்லில் கை வைக்காதீர்கள்.

அறிவுரை நியாயமானதே. ஆனால் பல்லில் கை வைக்காதிருத்தல் என்பது நடைமுறையில் சொத்தையை வாயிலேயே விட்டுவைத்தல் என்றாயிற்று. சிதைந்த வேர்களும் சீழ்க்கட்டியும் வலியும் அச்சிறுவர்களின் அன்றாட வாழ்வாயின. தாளமுடியாத நிலையில் என்றோ ஒருநாள் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றபோது, எல்லோரும் அஞ்சிய அந்தக் குருதிப்போக்கு முன்னினும் கடுமையாக வந்தது.

3. விசாகப்பட்டினத்துப் பாம்பும் இலண்டன் பற்குழியும்

இந்தக் கதையில் இந்தியா நுழைவது எதிர்பாராத வழியில். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல் 1781இல் தம் சகோதரருடன் விசாகப்பட்டினம் வந்தார். சில ஆண்டுகளில் கர்நாடகப் பகுதிக்கான கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். கம்பெனியின் சிப்பாய்களும் ஊழியர்களும் பாம்புக்கடியால் மாள்வதைக் கண்ட அவர், நச்சுப்பாம்புகளை நஞ்சற்றவற்றிலிருந்து பிரித்தறிய முயன்றார். சோழமண்டலக் கடற்கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றிய அவரது நூல் 1796இல் இலண்டனில் வெளிவந்தது. அந்நூலில் உள்ளூர்த் தெலுங்குப் பெயருடன் இடம்பெற்ற பாம்புகளுள் ஒன்று, பின்னர் அவருடைய பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. தமிழில் அது கண்ணாடி விரியன்.

கண்ணாடி விரியன் தீண்டியவருக்கு ஈறுகளில் குருதி கசிவது நஞ்சு உடலெங்கும் பரவியதன் அடையாளம். நஞ்சு குருதியின் உறைபுரதங்களை மிகுதியாகத் தூண்டிச் செலவழித்துவிடுகிறது. கையிருப்பு தீர்ந்தபின் குருதி உறைவதே இல்லை. எஞ்சிய குருதி கண்ணாடிக் குழாயில் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்ப்பது இன்றும் இந்திய மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குச் செய்யப்படும் முதற்சோதனை. குருதியை உறையவிடாமல் கொல்லும் அதே நஞ்சு, அளவு குறைந்தால் குருதியை நொடிகளில் உறையச்செய்யும் என்பதே இதன் உட்பொருள்.

இந்த உட்பொருளை ஹீமோஃபீலியாவுக்குப் பயன்படுத்தியவர் இலண்டன் புனித பர்த்தலோமியூ மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் ராபர்ட் க்வின் மக்ஃபர்லேன். இலண்டன் விலங்குக்காட்சிச்சாலையின் ஊர்வனப் பிரிவுப் பொறுப்பாளர் பர்ஜஸ் பார்னெட்டுடன் சேர்ந்து, பல பாம்புகளின் நஞ்சுகளை ஹீமோஃபீலியாக் குருதியில் அவர் சோதித்துப் பார்த்தார். கண்ணாடி விரியனின் நஞ்சு தனித்து நின்றது. 1934இல் ‘லான்செட்’ இதழில் இருவரும் முடிவுகளை வெளியிட்டனர். பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச்செய்த நஞ்சில் நனைத்த பஞ்சைப் பற்குழியில் வைத்தால், ஹீமோஃபீலியா உடையவரின் குருதியும் உறைந்தது. பின்னர் ‘ஸ்டிப்வென்’ என்னும் வணிகப் பெயரில் அந்நஞ்சு பல் மருத்துவருக்கும் அறுவை மருத்துவருக்கும் விற்பனைக்கு வந்தது.

அந்நஞ்சு ஏன் வேலை செய்தது என்பது 1934இல் எவருக்கும் முழுமையாகத் தெரியாது. உறைதல் என்பது ஒன்றை ஒன்று தூண்டும் புரதங்களின் தொடர். எட்டாம் உறைகாரணி இல்லாதோருக்கு ஹீமோஃபீலியா ஏ. ஒன்பதாம் காரணி இல்லாதோருக்கு ஹீமோஃபீலியா பி. இவ்விரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதே 1952இல்தான், மக்ஃபர்லேனும் ரோஸ்மேரி பிக்ஸும் இடம்பெற்ற ஆக்ஸ்ஃபர்டு குழுவினரால் உறுதியாக நிலைநாட்டப்பட்டது. விரியன் நஞ்சு இவ்விரு படிகளையும் தாண்டி, அடுத்துள்ள பத்தாம் காரணியை நேரடியாகத் தூண்டுகிறது. உடைந்த இரு படிக்கட்டுகளைத் தாவிக் கடப்பது போன்ற செயல் அது. 1964இல் உறைதலை ஒரு தொடர்வினை அருவியாக விளக்கிய கோட்பாட்டை மக்ஃபர்லேன் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தார். குருதி உறைதலைப் பற்றி இன்று மருத்துவ மாணவர் படிக்கும் பாடத்தின் வேர்களுள் ஒன்று, முப்பது ஆண்டுகளுக்கு முன் பற்குழியில் வைத்த நஞ்சுப் பஞ்சில் இருக்கிறது.

ஆயினும் அது பற்குழியின் மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்தது. நஞ்சை உடலுக்குள் செலுத்த முடியாது. உறைந்த குருதியை உமிழ்நீர் கரைப்பதையும் அதனால் தடுக்க இயலவில்லை.

4. உறைந்ததைக் காத்த வேதிப்பொருள்

அடுத்த முப்பது ஆண்டுகளில் இரு வழிகள் திறந்தன. முதல் வழி, இல்லாத காரணியை உடலுக்குள் செலுத்துவது. 1954இல் ஆக்ஸ்ஃபர்டுக் குழுவினர் மாட்டுக் குருதியிலிருந்து பிரித்தெடுத்த உறைகாரணியைப் பயன்படுத்திக் காட்டினர். 1960களின் நடுவில் ஸ்டான்ஃபர்டில் ஜூடித் பூல், உறையவைத்த குருதித்திரவத்தை மெதுவாக உருகவிட்டால் அடியில் தங்கும் வீழ்படிவில் எட்டாம் காரணி செறிந்திருப்பதைக் கண்டறிந்தார். ‘கிரையோ’ என்று சுருக்கமாக வழங்கும் அப்பொருளைச் சாதாரணக் குருதி வங்கியே தயாரித்துவிடலாம். பல் பிடுங்குவதற்காகச் சிறுவர்கள் வாரக்கணக்கில் மருத்துவமனையில் படுத்துக்கிடந்த காலம் அதனால் முடிவை நோக்கி நகர்ந்தது.

பின்னர் ஆயிரக்கணக்கான கொடையாளரின் குருதித்திரவத்தைக் கலந்து தயாரித்த செறிவுத்தூள் வந்தது. அதனுடன் எச்.ஐ.வி. தொற்றும் கல்லீரல் அழற்சித் தொற்றும் வந்தன. 1980களின் நடுவில் வெப்பமூட்டும் முறை பரவும் முன், மேலை நாடுகளில் ஹீமோஃபீலியா உடையோரில் ஒரு தலைமுறையே சிதைந்தது. மூட்டுக்குள் கசிந்த குருதிக்காகச் செலுத்திய மருந்துக்கும் ஒரு பல்லுக்காகச் செலுத்திய மருந்துக்கும் அந்த அபாயம் வேறுபாடு பார்க்கவில்லை. பிடுங்காமல் காத்திருக்கக்கூடிய ஒரு பல்லின் விலை என்னவாக இருக்கக்கூடும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

இரண்டாம் வழி ஜப்பானிலிருந்து வந்தது. போருக்குப் பிந்திய வறுமையில், மகப்பேற்றின்போது குருதி இழந்து மாளும் பெண்களைக் காக்க ஒரு மருந்து தேடினர் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும். குருதியைத் தேர்ந்தது உடனுக்குடன் கிடைக்கும் என்பதாலும்தான். வேண்டியபோது தம் சொந்தக் குருதியையே அவர்கள் பயன்படுத்தினர். 1962இல் டிரானெக்சாமிக் அமிலத்தைப் பற்றிய கட்டுரையை அவர்கள் வெளியிட்டனர். அது குருதியை உறையச்செய்வதில்லை. உறைந்ததைக் கரையவிடாமல் தடுக்கிறது. வாயின் நோக்கில் பார்த்தால், நூற்றாண்டுகளாக விடைகிடைக்காத மூன்றாவது தடைக்கு அதுவே நேரான விடை.

1972இல் கிளாஸ்கோ மருத்துவர்கள், பல் பிடுங்கிக்கொண்ட ஹீமோஃபீலியா நோயாளிகளிடம் அம்மருந்தை வெற்று மாத்திரையுடன் ஒப்பிட்டு ஆராய்ந்து ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்டனர். மருந்து பெற்றவர்களுக்குக் குருதியிழப்பும் குறைந்தது, மேற்கொண்டு உறைகாரணி செலுத்தும் தேவையும் குறைந்தது. 1986இல் அமெரிக்காவில் அம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது அதற்குச் சொல்லப்பட்ட பயன் ஒன்றே ஒன்று: ஹீமோஃபீலியா உடையோருக்குப் பல் பிடுங்குதல். ஒகமோட்டோ மனத்தில் வைத்த மகப்பேற்றுக் குருதிப்போக்குக்கான பெரும் ஆய்வு, 20,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பெற்று, அவர் மறைந்த மறு ஆண்டான 2017இல்தான் வெளிவந்தது. தாய்மாருக்கென்று தேடிய மருந்து, முதலில் சிறுவர்களின் பற்குழியில் தன் மதிப்பை நிலைநாட்டியது.

விலை உயர்ந்த உறைகாரணி எட்டாத நாடுகளுக்கு இதன் பொருள் பெரிது. மாத்திரையாகவும் வாய் கொப்பளிக்கும் நீராகவும் பயன்படும் இம்மருந்து, பற்குழியில் வைக்கும் உறைபொருள், கவனமான தையல் ஆகியவை சேர்ந்தால், முன்னர்த் தேவைப்பட்ட உறைகாரணியில் ஒரு சிறு பங்கே போதுமானதாயிற்று.

5. ஆண்பிள்ளைகளோடு முடியாத வரலாறு

பரம்பரைக் குருதி நோய் என்றால் ஹீமோஃபீலியா; ஹீமோஃபீலியா என்றால் ஆண்பிள்ளை என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அதனை அசைத்தவர் பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லபிராண்ட். ஆலந்து தீவுகளிலிருந்து தம்மிடம் வந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் குடும்பத்தை ஆராய்ந்து, 1926இல் அவர் ஒரு புதிய நோயை விவரித்தார். அச்சிறுமியின் சகோதரிகள் சிலர் குருதிப்போக்கால் ஏற்கெனவே இறந்திருந்தனர். அவளும் பதின்ம வயதில் மாதவிலக்கின் குருதிப்போக்கால் இறந்தாள். மூக்கும் ஈறும் பற்குழியும்தான் இந்நோய் வெளிப்படும் முதன்மை வாயில்கள். அவர் பெயரால் வழங்கும் அந்நோயே இன்று பரம்பரைக் குருதிப்போக்கு நோய்களில் மிகப் பரவலானதாகக் கருதப்படுகிறது.

1918இல் சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் எட்வர்ட் கிளான்ஸ்மன் விவரித்த நோய் தென்னிந்தியாவுக்கு இன்னும் நெருக்கமானது. அதில் உறைகாரணிகள் குறைவதில்லை. குருதியின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் நோய் தோன்றும் என்பதால், உலகளவில் மிக அரிதான இது, மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் அவ்வளவு அரிதன்று. பெண் குழந்தைகளும் சமமாகத் துன்புறுகின்றனர். ஈறுகளிலிருந்து கசியும் குருதியே பலருக்கும் முதன்மைத் துன்பம்.

குருதி உறைவதில் குறையில்லாத பரம்பரை நோய்களிலும் வாய் தப்பவில்லை. 1925இல் டெட்ராய்ட்டில் தாமஸ் கூலியும் பேர்ல் லீயும் விவரித்து, பின்னர்த் தலசீமியா எனப் பெயர்பெற்ற நோயில், குருதியை உண்டாக்கப் போராடும் எலும்பு மச்சை விரிவடைகிறது. கன்ன எலும்புகளும் மேல்தாடையும் பருத்து, முன்பற்கள் துருத்தி நிற்கின்றன. மண்ணீரல் அகற்றப்பட்ட தலசீமியாக் குழந்தைக்குப் பல்லில் தோன்றும் சீழ், உயிருக்கே ஆபத்தான தொற்றாக மாறக்கூடும். இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் தலசீமியாவின் கடும் வடிவத்துடன் பிறப்பதாக அரசு மதிப்பிடுகிறது.

அரிவாள்செல் நோயின் வரலாறோ ஒரு பல் மருத்துவ மாணவரிடமிருந்தே தொடங்குகிறது. கரிபியத் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க 1904இல் சிகாகோ வந்த வால்டர் கிளமென்ட் நோயல் என்னும் இளைஞரின் குருதியில்தான் அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள் முதன்முதலில் காணப்பட்டன. 1910இல் ஜேம்ஸ் ஹெரிக் அதனை வெளியிட்டார். நோயல் படிப்பை முடித்துத் தாய்நாடு திரும்பி, 1916இல் இறக்கும்வரை பல் மருத்துவராகவே பணியாற்றினார். இந்தியாவில் இந்நோய்க்கூறு பற்றிய முதல் அறிவிப்புகள் 1952இல் வந்தன. அவற்றுள் ஒன்று நீலகிரிப் பழங்குடியினரிடையே லேமனும் கட்புஷும் நடத்திய ஆய்வு. இந்நோயில் தாடையின் நுண்குழாய்கள் அடைபட்டால், சொத்தையே இல்லாத பல்லும் வலிக்கும். மறுபுறம், சொத்தையால் வரும் தொற்று உடலெங்கும் வலிநெருக்கடியைத் தூண்டிவிடக்கூடும். வலி எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் நல்ல பல்லைப் பிடுங்குவதும் தவறு. நோயின் வலிதானே என்று சீழ்ப்பல்லை விட்டுவைப்பதும் தவறு.

6. அச்சமே ஈனும் குருதி

இத்தனை நோய்களையும் இணைக்கும் ஒரு சுழற்சி உண்டு. துலக்கும்போது குழந்தையின் ஈறிலிருந்து குருதி வருகிறது. தாய் அஞ்சித் தூரிகையை எடுத்துவைத்துவிடுகிறார். விரலாலோ வெறும் நீராலோ வாயைக் கழுவிவிடுகிறார். துலக்காத பல்லின் ஓரத்தில் அழுக்குப் படலம் சேர்கிறது. ஈறு அழன்று வீங்குகிறது. வீங்கிய ஈறு நலமான ஈறைவிட எளிதில் கசியும். கசிவு கூடுவதைக் கண்டு அச்சமும் கூடுகிறது. நோயால் துவண்ட பிள்ளை என்று ஊட்டும் இனிப்பும், இரவில் பால்புட்டியோடு உறங்கும் பழக்கமும், சர்க்கரைப்பாகில் கலந்த மருந்துகளும் சொத்தையை விரைவுபடுத்துகின்றன. பல் மருத்துவரிடம் போனால் ‘இந்த நோய்க்கு இங்கே தொடமாட்டோம்’ என்று திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. இறுதியில் முகம் வீங்கிய நிலையில், பெரிய மருத்துவமனையில், உறைகாரணி செலுத்திப் பல் பிடுங்கப்படுகிறது. குருதிக்கு அஞ்சியதே குருதியில் கொண்டுபோய் முடித்தது.

இந்தச் சுழற்சியை அறுக்கும் வழிகள் இன்று தெளிவாகவே எழுதப்பட்டுள்ளன. உலக ஹீமோஃபீலியா கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு வழிகாட்டி, வாய்நலத்துக்கு உரிய இடம் அளிக்கிறது. அதன் முதன்மை ஆசிரியர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அலோக் ஸ்ரீவாஸ்தவா என்பது குறிக்கத்தக்கது. பல் முளைக்கத் தொடங்கும் பருவத்திலேயே பல் மருத்துவரைக் காணவேண்டும். நாள்தோறும் இருவேளை ஃப்ளோரைடு பற்பசையால் துலக்கவேண்டும். குருதி கசிகிறது என்பதற்காகத் துலக்குவதை நிறுத்தக்கூடாது. தொடர்ந்து துலக்கினால் ஈறின் அழற்சி தணிந்து கசிவு குறையும். நோய் இருப்பதாலேயே துலக்குதல் மற்றக் குழந்தைகளைவிட இன்றியமையாததாகிறது.

பால்பல் தானாக ஆடி விழுவது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. கசிந்தால் சுத்தமான துணியை மடித்துச் சில நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடிப்பதே முதல் உதவி. பல் வலிக்கு ஆஸ்பிரினும் அதையொத்த வலிநீக்கிகளும் இக்குழந்தைகளுக்கு ஆகா. தட்டணுக்களின் செயலை அவை குறைப்பதால் கசிவு மிகும். கீழ்த்தாடையை மரத்துப்போகச் செய்ய வாயின் ஆழத்தில் போடும் ஊசி, ஹீமோஃபீலியாக் குழந்தைக்கு உறைகாரணியின் துணையின்றிப் போடப்படலாகாது. தொண்டையருகே குருதி தேங்கி மூச்சுவழியை அடைக்கக்கூடும். சொத்தையைத் தொடக்கத்திலேயே சுத்தம் செய்து அடைப்பதற்கு இத்தகைய ஊசி பல வேளைகளில் தேவையே இல்லை. காலந்தாழ்த்தாமை என்னும் ஒன்றே இங்குப் பாதி மருத்துவம்.

7. ஒரே பட்டியலின் இரு வரிசைகள்

இந்தியாவில் இந்நோய்களுக்காக நடந்த போராட்டம் சிறிதன்று. நோயுற்றோரே முன்னின்று 1983இல் இந்திய ஹீமோஃபீலியா கூட்டமைப்பைத் தொடங்கினர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோஃபீலியா, தலசீமியா, அரிவாள்செல் நோய் ஆகிய மூன்றையும் ஏற்றது. 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய இயக்கம், 2047க்குள் அரிவாள்செல் நோயை ஒழிக்கவும் அதற்காக 7 கோடிப் பேரைச் சோதிக்கவும் இலக்கு வகுத்தது. 2024 டிசம்பரில், ஹீமோஃபீலியா ஏ நோயின் கடும் வடிவத்தை உடைய ஐவருக்கு வேலூரில் அளித்த மரபணுச் சிகிச்சையின் வெற்றி உலகின் முன்னணி மருத்துவ இதழில் வெளிவந்தது.

இவற்றுக்கிடையே 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியல் ஒன்று கவனத்துக்குரியது. பிறப்பு முதல் 18 வயது வரை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் சோதிக்கப்பட வேண்டிய 30 நிலைகளை அது வரிசைப்படுத்துகிறது. அதில் பல் நோய்கள் ஒரு வரிசை. மாநிலங்கள் தம் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளும் அரிவாள்செல் நோயும் தலசீமியாவும் வேறு வரிசைகள். ஒரே குழந்தைக்கு இரண்டும் இருக்கக்கூடும். ஒன்று மற்றொன்றை ஆபத்தாக்கும். இரண்டையும் இணைக்கும் கோடு அந்தப் பட்டியலில் இல்லை. அல்-ஸஹ்ராவியின் நூலில் இரு பக்கங்களாகக் கிடந்தவை, இங்கு இரு வரிசைகளாகக் கிடக்கின்றன.

அந்தக் கோட்டை இட மரபணு ஆய்வகம் வேண்டியதில்லை. குருதி ஏற்றிக்கொள்ள மாதந்தோறும் மருத்துவமனைக்கு வரும் தலசீமியாக் குழந்தையின் வாயை அங்கேயே ஒருவர் திறந்து பார்க்கலாம். உறைகாரணிக்காக வரும் சிறுவனின் குறிப்பேட்டில் பற்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்கலாம். அரிவாள்செல் சோதனைக்குச் செல்லும் பணியாளர், பழங்குடிக் குடியிருப்பில் அட்டையோடு ஒரு தூரிகையையும் கொடுத்து, துலக்கும் முறையையும் காட்டிவரலாம். பல் மருத்துவக் கல்லூரிகள் மிகுந்த இந்நாட்டில், அக்கல்லூரிகள் தம் அருகிலுள்ள குருதிநோய் மையங்களுடன் கைகோப்பதற்குப் பெரும் பொருட்செலவு எதுவும் இல்லை.

கண்ணாடி விரியனின் நஞ்சைப் பற்குழியில் வைக்கத் துணிந்த மருத்துவத்தின் அறிவும் உழைப்பும் போற்றத்தக்கவை. ஆனால் அந்த வரலாறு முழுவதும், பல் கெட்டபின் என்ன செய்வது என்னும் கேள்வியின் வரலாறு. குருதி கசிகிறதே என்று தூரிகையைக் கீழே வைக்கும் ஒரு தாயிடம், வையாதீர்கள் என்று காலத்தில் சொல்லும் ஒருவர் இருந்தால், அந்தக் குழந்தைக்கு நஞ்சும் வேண்டாம், பற்குழியும் வேண்டாம். ஈறு கசிந்து மாண்ட அந்தப் பெயரறியாச் சிறுவனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் செலுத்தக்கூடிய கடன், அந்தச் சொல்லைச் சொல்ல ஒவ்வொரு மையத்திலும் ஒருவரை நிறுத்துவதே.